‘ரா’ என்ற ஆங்கிலப் பெயரடையும் நம் ‘பச்சை’யும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆர், ஏ, டபிள்யூ. மூன்றே எழுத்து. ஊறுகாய் பாட்டிலில் ‘ரா மேங்கோ’, அரிசி மூட்டையில் ‘ரா ரைஸ்’, ஓசூர் தொழிற்சாலைகளில் ‘ரா மெட்டீரியல்’, துணிக்கடையில் ‘ரா சில்க்’ என்று தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் தினமும் கண்ணில் படும் சொல் இது. அதனாலேயே தெரிந்த சொல் என்று நினைத்து அகராதியைப் புரட்டாமல் விட்டுவிடுகிறோம். பேசும்போதும் எழுதும்போதும் இதில் நேரும் பிழைகள் பெரும்பாலும் ஒரே இடத்திலிருந்து வருகின்றன. தமிழில் ‘பச்சை’ வரும் இடத்திலெல்லாம் ஆங்கிலத்தில் ‘ரா’வை வைத்துவிடுகிறோம். பாதி இடங்களில் அது சரியாக இருக்கும். மீதிப் பாதிக்காகத்தான் இந்தப் பக்கம்.

‘ரா’வின் அடிப்படைப் பொருள் என்ன?

‘சமைக்காத’ என்பதுதான் அகராதிகள் முதலில் தரும் பொருள். அதை மட்டும் மனப்பாடம் செய்தால் ‘ரா டேட்டா’, ‘ரா ரெக்ரூட்’ போன்றவை புரியாது. இப்படிப் பிடித்துக்கொள்ளுங்கள்: மனிதர் செய்ய வேண்டிய அடுத்த வேலை இன்னும் ஆகாத நிலைதான் ‘ரா’. இறைச்சிக்கு அந்த வேலை சமைப்பது. ஆற்று நீருக்குச் சுத்திகரிப்பது. கணக்கெடுப்பில் வந்த எண்களுக்குச் சரிபார்த்துத் தொகுப்பது. புதிதாகச் சேர்ந்த காவலருக்குப் பயிற்சி. வேலை மாறினாலும் சொல் மாறுவதில்லை.

தமிழ்ப் ‘பச்சை’யின் வேர் வேறு. நிறம், ஈரம், உயிர்ப்பு, புதுமை ஆகிய நான்கும் அதில் கலந்திருக்கின்றன. பச்சைக் குழந்தை, பச்சை மரம், பச்சை மண் எதிலும் ‘ஆகாத வேலை’ என்ற எண்ணம் இல்லை. இரண்டு சொற்களும் சமையலறையில் சந்திக்கின்றன, வெளியே வந்ததும் பெரும்பாலும் பிரிந்துவிடுகின்றன.

எப்படி உச்சரிப்பது?

சட்டக் கல்லூரியை ‘லா காலேஜ்’ என்கிறோமே, அந்த ‘லா’வோடு இது ஒத்து ஒலிக்கும். தமிழ் ‘ரா’வைப் போல வாயை அகலத் திறந்தால் பிரிட்டிஷ் காதுக்குக் கொஞ்சம் விலகித் தெரியும். அமெரிக்கர் பலர் அதற்கு நெருக்கமாகவே சொல்வார்கள், அதனால் பெரிய தவறில்லை. சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் தாடையைத் தாழ்த்தி, உதட்டை லேசாகக் குவித்து, ஒலி முடியும்வரை உதட்டை அசைக்காமல் வையுங்கள். முடிவில் உதடு மூடினால் அது ‘ரோ’ ஆகிவிடும். அதற்கு வரிசை என்று பொருள், எழுத்தும் ஆர், ஓ, டபிள்யூ.

கேட்டல் தேர்வு எழுதுவோர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். அடுத்த சொல் உயிரொலியில் தொடங்கினால் பிரிட்டிஷ்காரர் பலர் நடுவில் ஒரு ‘ர்’ சேர்ப்பார்கள். ‘ரா எக்’ என்பது ‘ராரெக்’ போலக் கேட்கும். அதை நாம் பின்பற்ற வேண்டியதில்லை, கேட்டால் திகைக்காமல் இருந்தால் போதும்.

இந்திய உளவு அமைப்பின் பெயரும் இதுதானா?

இல்லை. 1968இல் தொடங்கிய அந்த அமைப்பின் பெயர் ‘ரிசர்ச் அண்ட் அனாலிசிஸ் விங்’. அதன் முதலெழுத்துகள் சேர்ந்து அப்படி ஒலிக்கின்றன, அவ்வளவுதான்.

மாங்காய்க்கு ‘ரா மேங்கோ’ என்பது சரியா?

இந்தியாவுக்குள் முழுக்கச் சரி. கடை, செய்தித்தாள், ஊறுகாய் லேபிள் எல்லாவற்றிலும் இதுதான் வழக்கு. பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ இருப்பவருக்கு எழுதும்போதுதான் சிக்கல். அவர்களுக்குப் பழங்கள் பெரும்பாலும் சமைக்காமல் உண்பவை. ‘ரா மேங்கோ’ என்றால் சமைக்காத மாம்பழம் என்றும் அவர்கள் புரிந்துகொள்ளலாம். காய்ப் பருவத்தைச் சொல்ல அவர்கள் கையாளும் சொற்கள் ‘அன்ரைப்’, ‘கிரீன்’. வாழைக்காய் ‘கிரீன் பனானா’, பப்பாளிக்காய் ‘கிரீன் பப்பாயா’.

காரணம் மேலே சொன்னதுதான். பழுப்பது மனிதர் செய்யும் வேலையல்ல, தானாக நடப்பது. அதனால் பழுக்காததற்கு ‘ரா’ என்று சொல்ல அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி சார்ந்த வேலையில் இருப்பவர்களுக்கு இது வெறும் இலக்கண நுணுக்கம் அல்ல. கூழுக்குப் போகும் பெங்களூரா என்ற மாம்பழ ரகம் பழுத்திருக்க வேண்டும், ஊறுகாய்க்குப் போவது காயாக இருக்க வேண்டும். வெளிநாட்டு வாங்குபவருக்கு எழுதும் மின்னஞ்சலில் ‘ரா மேங்கோ’ என்று எழுதினால், நீங்கள் காயைச் சொல்கிறீர்களா, ஆலைக்குள் வரும் பதப்படுத்தாத பழத்தைச் சொல்கிறீர்களா என்று அவர் குழம்புவார். காய்க்கு ‘அன்ரைப் மேங்கோ’, பழத்துக்கு ‘ஃப்ரெஷ் ரைப் மேங்கோ’ என்று பிரித்து எழுதுங்கள். பெங்களூராவுக்கு ‘தோத்தாபுரி’ என்ற பெயரையே எழுதுங்கள், உலகச் சந்தையில் அதுதான் செல்லும்.

பச்சரிசி ‘ரா ரைஸ்’ என்றால், புழுங்கலரிசி ‘பாயில்ட் ரைஸ்’தானே?

நம் ஊர் மூட்டைகளில் அப்படித்தான் அச்சடிக்கிறார்கள். வெளியே போனால் இரண்டுமே தவறாகப் புரியும். அங்கே ‘ரா ரைஸ்’ என்றால் வேகவைக்காத எந்த அரிசியும். புழுங்கலரிசியும் உலையில் போடும்வரை ‘ரா’தான். ‘பாயில்ட் ரைஸ்’ என்றால் வெந்த சோறு. இட்லிக்கு நாலு பங்கு ‘பாயில்ட் ரைஸ்’ ஊறவைக்கச் சொன்னால், படிப்பவர் சோற்றைத் தண்ணீரில் போடுவார்.

நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, காயவைத்து, அதன் பிறகு அரைத்தால் கிடைப்பது புழுங்கலரிசி. அதற்கான சரியான சொல் ‘பார்பாயில்ட் ரைஸ்’. பச்சரிசிக்கு ‘வைட் ரைஸ், நாட் பார்பாயில்ட்’ என்று எழுதினால் எந்த நாட்டிலும் புரியும்.

‘பச்சையாகச் சாப்பிடு’ என்பதற்கு ‘ராலி’ என்று சொல்லலாமா?

கூடாது. ‘ராலி’ என்ற வினையடை அகராதியில் இருந்தாலும் இந்தப் பொருளில் யாரும் அதை ஆள்வதில்லை. தமிழில் ‘ஆக’ சேர்க்கும் இடமெல்லாம் ஆங்கிலத்தில் ‘லி’ சேர்க்கும் பழக்கத்தால் வருவது இந்தப் பிழை. ‘வீ ஈட் கேரட்ஸ் ரா’ என்பதே சரி.

சொல் வரிசையைக் கவனியுங்கள். பெயரடை, செயப்படுபொருளுக்குப் பின்னால் வருகிறது. ‘வீ ஈட் ரா கேரட்ஸ்’ என்றும் சொல்லலாம், ஆனால் அழுத்தம் மாறும். முதலாவது எப்படிச் சாப்பிடுகிறோம் என்று சொல்கிறது, இரண்டாவது எதைச் சாப்பிடுகிறோம் என்று சொல்கிறது. ‘டோன்ட் ஈட் இட் ரா’ என்ற எச்சரிக்கையில் முதல் வரிசை மட்டுமே பொருந்தும்.

சோறு சரியாக வேகவில்லை. ‘த ரைஸ் இஸ் ரா’ என்று சொல்லலாமா?

உலையிலேயே போடாத அரிசிக்குத்தான் அது பொருந்தும். அரைவேக்காட்டுச் சோற்றுக்கு ‘அண்டர்குக்ட்’ என்பதே சொல். ‘ஸ்டில் ஹார்ட் இன் த மிடில்’ என்றால் இன்னும் தெளிவு. களியில் மாவு வேகாமல் நடுவில் நின்றால் ‘ஸ்டில் ரா இன் த மிடில்’ என்று சொல்லலாம், ஏனெனில் அந்த இடம் உண்மையிலேயே சமையாமல் நிற்கிறது. கோழி, மீன், ரொட்டிக்கும் இதே தொடர்.

‘அன்குக்ட்’ என்பது இன்னொரு சொல். சமைத்தே உண்ண வேண்டிய பொருள் இன்னும் சமைக்கப்படவில்லை என்பதை மட்டும் அது சொல்லும். தக்காளி, வெங்காயம் போல இரண்டு வகையிலும் உண்பவற்றுக்கு ‘ரா’வே இயல்பு. ‘அன்குக்ட் டொமேட்டோ’ என்றால் ஏதோ குறையுள்ளது போலத் தொனிக்கும். இறைச்சி உணவகங்களில் கேட்கும் ‘ரேர்’ இவற்றோடு சேராதது. வெளிப்புறம் வெந்து உள்ளே சிவப்பாக இருக்கும்படி வேண்டுமென்றே சமைத்தது அது.

‘பச்சை வாசனை போக வதக்கவும்’ என்பதை எப்படி எழுதுவது?

‘ஃப்ரை அன்டில் த ரா ஸ்மெல் கோஸ்’. தென்னிந்தியச் சமையல் குறிப்புகளில் இந்தத் தொடர் நன்றாக வேரூன்றிவிட்டது. பிறநாட்டு வாசகருக்கு வாசனையை மட்டும் சொன்னால் போதாது, கண்ணுக்குத் தெரியும் அடையாளம் ஒன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இஞ்சி பூண்டு விழுது என்றால் ஓரத்தில் எண்ணெய் பிரிவது, கடலை மாவு என்றால் நிறம் ஒரு படி அடர்வது. அந்த வாசனையைப் பெயர் சொல்லிக் குறிக்கும் பழக்கம் ஆங்கிலச் சமையல் எழுத்தில் அதிகம் இல்லாததால் இந்தத் துணை தேவைப்படுகிறது.

பச்சைப் பால் ‘ரா மில்க்’தானா?

கறந்த பால் என்றால் ஆம். பாக்கெட் பால் என்றால் இல்லை. காய்ச்சாத பாக்கெட் பாலையும் வீட்டில் ‘பச்சைப் பால்’ என்கிறோம். ஆனால் அது ஏற்கெனவே பாஸ்ச்சரைஸ் செய்யப்பட்டது. அதாவது குறைந்தது 72 டிகிரி செல்சியஸில் 15 விநாடியோ, 63 டிகிரியில் 30 நிமிடமோ சூடாக்கிக் குளிர்விக்கப்பட்டது. ஆங்கிலத்தில் ‘ரா மில்க்’ என்றால் அந்த வேலை ஆகாத பால். வெளிநாட்டில் மருத்துவர் கர்ப்பிணியிடம் ‘அவாய்ட் ரா மில்க்’ என்று சொன்னால், அவர் சொல்வது பாஸ்ச்சரைஸ் செய்யாத பாலை. பாக்கெட் பாலைக் காய்ச்சாமல் வைத்திருப்பதைச் சொல்ல ‘அன்பாயில்ட் மில்க்’ போதும்.

பச்சைத் தண்ணீர் ‘ரா வாட்டர்’ ஆகுமா?

ஆகாது. நாம் சொல்லும் பச்சைத் தண்ணீர், சூடாக்காத தண்ணீர். ‘ஐ பேத் இன் ரா வாட்டர்’ என்று நேர்காணலில் சொன்னால், சுத்திகரிக்காத ஆற்று நீரில் குளிப்பதாகப் பொருள்படும். ‘கோல்ட் வாட்டர்’ என்று சொல்லுங்கள். ‘பச்சைத் தண்ணிகூடக் குடிக்கல’ என்பதற்கு ‘நாட் ஈவன் எ சிப் ஆஃப் வாட்டர்’.

‘ரா வாட்டர்’ குடிநீர்ப் பொறியியல் சொல். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்திருப்பதால் கொண்டுவரப்பட்ட ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. காவிரியில் எடுத்தவுடன் இருப்பது ‘ரா வாட்டர்’. சுத்திகரிப்பு நிலையத்தைக் கடந்ததும் அது ‘ட்ரீட்டட் வாட்டர்’. ஐடிஐ, டிப்ளமோ முடித்து நீரேற்று நிலையங்களில் வேலைக்குப் போகிறவர்கள் பதிவேட்டில் இந்த இரண்டையும் மாற்றி எழுதிவிடக் கூடாது. கலங்கல் அளவு, குளோரின் அளவு எல்லாம் இந்த இரண்டு தலைப்பின்கீழ் தனித்தனியாகப் பதியப்படுகின்றன.

‘ரா சில்க்’ என்றால் என்ன? கடைக்காரர் காட்டும் துணிதானா?

தொழிலில் ஒரு பொருள், துணிக்கடையில் வேறொரு பொருள். பட்டுக்கூட்டிலிருந்து உருவிய இழையில், நார்ப்பொருளான ஃபைப்ராயின் மேல் செரிசின் என்ற பசை ஒட்டியிருக்கும். எடையில் சுமார் 20 முதல் 30 சதவீதம் வரை இந்தப் பசைதான். சோப்புக் கரைசலில் கொதிக்கவைத்து அதை நீக்கும்வரை அந்த இழைதான் ‘ரா சில்க்’. தொட்டால் விறைப்பாக இருக்கும், மினுமினுப்பு குறைவு. சுங்கவரிப் பட்டியலில் 5002 என்ற தலைப்பு ‘ரா சில்க், நாட் த்ரோன்’ என்கிறது. ‘நாட் த்ரோன்’ என்றால் முறுக்கேற்றாதது.

துணிக்கடையில் ‘ரா சில்க்’ என்பது சொரசொரப்பான, இழை தடித்தும் மெலிந்தும் ஓடும் துணி. அதில் பசை நீக்கப்பட்டிருக்கலாம். அது பட்டாகவே இல்லாமலும் இருக்கலாம். அதனால் வாங்கும்போது துணியின் பெயரை விட்டுவிட்டு நூல் என்னவென்று கேட்பதே நல்லது.

தருமபுரி பட்டுக்கூடு அங்காடியில் ஏலம் போகும் கூட்டுக்கு ‘ரா கக்கூன்’ என்று எழுதுவது தவறு. உள்ளே புழு உயிரோடு இருக்கும், உலர்த்தாத கூட்டுக்கு ஆங்கிலத்தில் ‘கிரீன் கக்கூன்’ என்று பெயர். கூடு வெள்ளையாக இருந்தாலும் மஞ்சளாக இருந்தாலும் ‘கிரீன்’தான். ஈரமும் உயிரும் கலந்த நம் ‘பச்சை’க்கு நேரான சொல் இது என்பது மனதுக்கு நிறைவாக இருக்கிறது. உலராத விறகு ‘கிரீன் வுட்’, சூளையில் வைக்காத செங்கல் ‘கிரீன் பிரிக்’ ஆகியவையும் இந்தக் குடும்பம்தான்.

கச்சா எண்ணெய் ஏன் ‘ரா ஆயில்’ ஆகவில்லை?

வழக்கு அப்படி அமைந்துவிட்டது. ‘குரூட்’, ‘ரா’ இரண்டும் மிகப் பழைய ஒரே வேரிலிருந்து பிரிந்தவை. ‘குரூட்’ லத்தீன் வழியாக வந்தது, ‘ரா’ பழைய ஆங்கிலத்திலேயே இருந்தது. எண்ணெய்க்கும் கனிமத்துக்கும் ‘குரூட்’ நிலைத்துவிட்டது. கிருஷ்ணகிரிப் பக்கக் கல் குவாரிகளிலிருந்து போகும் கிரானைட்டும், சுங்கப் பட்டியலின் 2516.11 எண்ணில் ‘குரூட் ஆர் ரஃப்லி டிரிம்ட்’ என்றே குறிக்கப்படுகிறது. வணிகப் பேச்சில் ‘ரஃப் பிளாக்’ என்பார்கள்.

‘பச்சையாகப் பேசுகிறான்’ என்பதற்கும் ‘குரூட்’ பொருந்தும், ‘ரா’ வேண்டாம்.

‘ரா மெட்டீரியல்’ ஒருமையா பன்மையா?

பல பொருள்களைச் சேர்த்துச் சொன்னால் ‘ரா மெட்டீரியல்ஸ்’. ஒன்றை மட்டும் சுட்டினால் ‘எ ரா மெட்டீரியல்’. இன்னொரு நுட்பமும் இதில் உண்டு. ‘ரா’ என்பது பொருளின் குணம் அல்ல, அது எந்த வாயிலில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது. கூழ் ஆலைக்குப் பழம் மூலப்பொருள். அந்த ஆலையின் முடிந்த பொருளான கூழ், பழச்சாறு நிறுவனத்துக்கு மூலப்பொருள்.

பச்சைக் குழந்தை, பச்சை உடம்பு, பச்சைப் பொய்?

மூன்றிலும் ‘ரா’ வராது. பச்சைக் குழந்தை ‘நியூபார்ன்’ அல்லது ‘டைனி இன்ஃபன்ட்’. ‘ரா பேபி’ என்றால் கேட்பவர் முகம் சுளிப்பார். பச்சை உடம்புக்காரிக்கு ஒற்றைச் சொல் கிடையாது. ‘ஷீ ஹேஸ் ஜஸ்ட் கிவன் பர்த்’ என்று முழு வாக்கியமாகச் சொல்ல வேண்டும். நாள்கணக்கில் ஓய்வும் பத்தியமும் தேவைப்படும் நிலை என்ற குறிப்பு அதில் வராது, வேண்டுமானால் தனியாகச் சேர்க்க வேண்டும். பச்சைப் பொய் ‘அவுட்ரைட் லை’, பச்சைத் துரோகம் ‘ஷீர் பிட்ரேயல்’.

பச்சைப் புண் மட்டும் விதிவிலக்கு. ‘ரா வூண்ட்’ என்றே சொல்லலாம்.

தோல், தொண்டை பற்றிப் பேசும்போது?

மேல்தோல் உரிந்து சிவந்து எரியும் நிலைக்கு ‘ரா’ மிகப் பொருத்தமான சொல். புதுச்செருப்பு குதிகாலைக் கடித்தால் ‘மை ஹீல்ஸ் ஆர் ரப்ட் ரா’. கத்திக் கத்தித் தொண்டை எரிந்தால் ‘மை த்ரோட் இஸ் ரா ஃப்ரம் ஷவுட்டிங்’. காரணத்தைச் சொல்ல ‘ஃப்ரம்’ வரும். இந்தப் பொருளில் ‘வெரி ரா’ என்று அளவு சேர்க்கலாம். சமைக்காத மீனுக்கு ‘வெரி ரா’ பொருந்தாது. ஒன்று சமைத்தது, இல்லாவிட்டால் சமைக்காதது. அங்கே ‘கம்ப்ளீட்லி ரா’ என்று சொல்லலாம்.

இதிலிருந்து கிளைத்ததுதான் உணர்ச்சிப் பொருள். தோல் உரிந்த இடத்தைத் தொட்டால் துடிப்பது போல, இழப்பு இன்னும் ஆறாமல் இருப்பது ‘ஸ்டில் ரா’. ஒருவரை நோகடிக்கும் பேச்சு ‘டச்டு எ ரா நெர்வ்’. துக்கம் விசாரிக்கப் போனவரிடம் ‘இட் இஸ் ஸ்டில் ரா ஃபார் ஹெர்’ என்று யாராவது சொன்னால், இப்போது அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்று பொருள்.

மனிதரை ‘ரா’ என்று சொன்னால் புகழ்ச்சியா, இகழ்ச்சியா?

பக்கத்தில் வரும் பெயர்ச்சொல்லைப் பொறுத்தது. ‘ரா ரெக்ரூட்’ என்றால் பயிற்சியில்லாத புதியவர், மதிப்பு குறைவு. ‘ரா டேலன்ட்’ என்றால் இயல்பான திறமை இருக்கிறது, பட்டை தீட்ட வேண்டும். பாராட்டுதான், முழுப் பாராட்டு அல்ல. ஓசூரில் வேலைக்கு விண்ணப்பிக்கும் தன்விவரக் குறிப்பில் ‘ஐ ஆம் ரா’ என்று எழுதாதீர்கள். அனுபவம் இல்லை என்பதைச் சொல்ல ‘ரீசன்ட் கிராஜுவேட்’ கண்ணியமானது. ‘ஃப்ரெஷர்’ இந்தியாவுக்குள் செல்லும்.

படம் ‘செம ரா’வா இருக்கு என்று இளைஞர்கள் சொல்வது, மெருகு பூசாத, நேரடியான என்ற பொருளில். ‘ரா பெர்ஃபார்மன்ஸ்’ என்ற ஆங்கில வழக்கோடு அது ஒத்துப்போகிறது. சரியான பயன்பாடுதான்.

‘ரா டீல்’ என்றால் வேகாத ஒப்பந்தமா?

நியாயமற்ற நடத்துதல். ‘கெட்’ அல்லது ‘கிவ்’ என்ற வினையோடு வரும். மாங்காய் விலை சரிந்த ஆண்டில் ‘மேங்கோ குரோவர்ஸ் காட் எ ரா டீல்’ என்று எழுதலாம். இந்தத் தொடரை அப்படியே முழுசாகக் கற்றுக்கொள்ளுங்கள். ‘அன்குக்ட் டீல்’ என்றோ ‘வெரி ரா டீல்’ என்றோ மாற்றினால் பொருள் கெடும்.

வானிலைக்கும் இந்தச் சொல் உண்டா?

உண்டு, குளிரும் ஈரமும் சேர்ந்தால் மட்டும். மார்கழியில் தளி, ஓசூர்ப் பக்கம் பனிமூட்டத்தோடு காற்று வீசும் விடியல் ‘எ ரா மார்னிங்’. வெயிலடிக்கும் குளிர்நாளுக்கு இது பொருந்தாது.

சரியாகப் பிடிபட்டதா என்று எப்படிப் பார்ப்பது?

எதிர்ச்சொல்லைத் தேடுங்கள். ‘ரா’வுக்கு ஒரே எதிர்ச்சொல் கிடையாது. மீனுக்கு ‘குக்ட்’, நிலக்கடலைக்கு ‘ரோஸ்டட்’, தண்ணீருக்கு ‘ட்ரீட்டட்’, சர்க்கரைக்கு ‘ரிஃபைன்ட்’, காணொளிக்கு ‘எடிட்டட்’, ஆளுக்கு ‘ட்ரெயின்ட்’. எதிர்ச்சொல் ஒரு மனித வேலையாக அமைந்தால் ‘ரா’வைத் தயங்காமல் வையுங்கள். ‘ரைப்’, ‘டிரை’ போலத் தானாக நடப்பதாக அமைந்தால் ‘அன்ரைப்’, ‘கிரீன்’, ‘ஃப்ரெஷ்’ ஆகியவற்றில் ஒன்றைத் தேடுங்கள். செடியிலிருந்து அப்போதே பிடுங்கிய ஈரக் கடலைக்கு இரண்டாம் வகை, ‘ஃப்ரெஷ் பீநட்ஸ்’. காய்ந்து வறுக்காமல் இருப்பதற்கு முதல் வகை, ‘ரா பீநட்ஸ்’. தமிழில் இரண்டும் பச்சைக் கடலையே.

கீழுள்ள ஐந்தையும் எழுதிப் பாருங்கள்: பச்சை முட்டை, பச்சை மஞ்சள், பச்சை விறகு, இன்னும் சரிசெய்து தொகுக்காத மதிப்பெண்கள், பச்சைப் பொய்.

விடைகள்: ‘ரா எக்’, ‘ஃப்ரெஷ் டர்மரிக்’, ‘கிரீன் வுட்’, ‘ரா ஸ்கோர்ஸ்’, ‘அவுட்ரைட் லை’. இரண்டாவதற்கு ‘ரா டர்மரிக்’ என்று எழுதியிருந்தாலும் இந்தியாவில் புரியும். ஆனால் ஈரக் கிழங்கா, அரைக்காத காய்ந்த மஞ்சளா என்ற ஐயம் அதில் மிஞ்சும்.